அறுபதுக்கு ஒரு காசு குறையாது

அன்று காலை, காபி ஆறுவதற்குள் ஒரு சபதம் செய்தேன்.

“அறுபது. அறுபது லட்சத்துக்கு ஒரு காசு குறைஞ்சாலும் இந்த வீட்டை விக்க மாட்டேன்.”

என் மனைவி படித்துக்கொண்டிருந்த பேப்பரைத் தாழ்த்தினாள்.

“வீட்டு விலையெல்லாம் இறங்கிக்கிட்டே போகுதுன்னு போட்டிருக்கே.”

“அது மத்தவங்க வீடு.”

“நம்ம வீடு?”

“நம்ம வீட்டைப் பத்தி எங்கேயாவது ஒரு வரி போட்டிருக்கானா, பாரு.”

மறுபடியும் பார்த்தாள். ஒரு வரியும் இல்லை. வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த வாதங்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, யாருக்கு என்ன தெரியவில்லை என்று கண்டுபிடித்து லென்ஸ் போட்டுக் கொடுப்பவன். என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் கோப்பு அறைக்குப் பொறுப்பு. நோயாளிகளின் குறிப்புகளை எழுதி அடுக்குவாள். வேறு டாக்டரிடம் யோசனை கேட்க அனுப்பும்போது பெயர், முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வியாதியை மட்டும் எழுதி அனுப்புவாள். அவ்வளவு நேர்த்தி.

அந்த ஆஸ்பத்திரிதான் வினை. போன வருஷம் அதை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வரவேண்டியதாயிற்று. வந்தால் படுக்கையறை மாடியில். அவளுக்கு இடது முழங்காலில் வலி. “படி ஏறுறதைக் குறைச்சுக்குங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு விற்பனைக்கு இருந்தது. ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவருடையது. அவர் தன் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். ஒருநாள் மதிய இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அம்பது சொல்றார். பேசினா குறைப்பார்.”

“குறைக்காம? விலைதான் இறங்குதே.”

“அப்ப நம்ம வீடும்…”

“நம்ம வீடு வேற.”

வேறுதான். இந்த வீட்டில் நான் பதினாலு வருஷம் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு சுவருக்கும் என் கையால் பெயிண்ட் அடித்திருக்கிறேன். மாடியில் இருக்கும் சின்ன அறையில்தான் என் மகள் முதன்முதலாக எழுந்து நின்றாள். அடுத்த நொடி விழுந்தாள். அதெல்லாம் சந்தைக்கு எங்கே தெரியப்போகிறது?

எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ பலகை தொங்கியது. பக்கத்து வீட்டுக் கண்டக்டர் தன் வீட்டை நாற்பத்துநாலுக்கு விற்றுவிட்டுப் போனார். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வருஷம், ஒரே கொத்தனார் கட்டியவை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“அவர் வீடு மாதிரிதானே நம்ம வீடும்?” என்றாள் மனைவி.

“அவர் வீட்டுக் கதவு பச்சை.”

“அதுக்குப் பதினாறா குறையும்?”

“கண்ணுக்குக் குளிர்ச்சியா இல்லாத பச்சை.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது நான் சொன்னதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்று நெடுங்காலமாக நம்பி வந்தேன்.

ஒருநாள் தரகர் வந்தார். அவருக்குத் தெருவில் ‘முக்கால்’ என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் அதில் முக்கால்தான் அவர் காதில் விழும்.

“சார் மனசுல என்ன விலை வெச்சிருக்கீங்க?”

“அறுபது.”

“நாப்பத்தஞ்சுன்னு வெச்சுக்குவோம்.”

“நீங்க இன்னும் வீட்டையே பார்க்கலையே.”

“பார்த்தா இன்னும் குறையும் சார்.”

அப்படியும் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். எதிரே இருக்கும் இரும்புப் பட்டறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. “என்ன சார் இது?” என்றார். “கலகலப்பு” என்றேன். குளியலறைச் சுவரில் கை வைத்தார். கை ஈரமாயிற்று. “கோடையில் இந்தப் பக்கம்தான் குளிர்ச்சி. ஏசி தேவையில்லை” என்றேன். வாசற்கதவைச் சாத்தப் பார்த்தார். அது சாத்திக்கொள்ளவில்லை. “கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க. திருடனுக்கு அந்த ரகசியம் தெரியாது” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “சார், நீங்க என் தொழிலுக்கு வந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, நாற்பத்தைந்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

நாலு மாதத்தில் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். முதல் ஆள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “கதவைத் தட்டிட்டு உள்ள வந்தீங்க, சரி. சுவரை எதுக்குத் தட்டுறீங்க, அதுக்குள்ள யாரைக் கூப்பிடுறீங்க?” என்றேன். போய்விட்டார். இரண்டாவது ஆள் படி ஏறும்போதே, “அம்மாடி, என்ன செங்குத்து” என்றார். அவரைப் பாதிப் படியிலேயே திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஒரு சின்ன ஜோடி. அவன் பால் வண்டி ஓட்டுகிறான். அவளுக்கு ஆறாவது மாதம். அவள் மாடியில் சின்ன அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், காலை வெயில் விழுகிற இடத்தில் ஜன்னல் கட்டையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“இது யாரு ரூம்ங்க?”

“எங்க பொண்ணோடது.”

“தொட்டில் இந்தப் பக்கம் போட்டிருந்தீங்களா?”

“அந்தப் பக்கம். வெயில் கண்ணுல படக்கூடாதில்ல.”

அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். என் மகள் முதன்முதலாக எழுந்து நின்ற இடத்தைக்கூடக் காட்டினேன். கீழே வந்ததும் அவன், “அண்ணே, எங்களால நாப்பத்தாறு வரைக்கும் முடியும். அதுக்கு மேல வண்டியைத்தான் விக்கணும்” என்றான்.

தொட்டில், வெயில் எல்லாம் மறந்துபோயிற்று. “அறுபது” என்றேன். நானே போய்க் கதவைத் தூக்கித் திறந்துவிட்டேன்.

மனைவி படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். முகத்துக்காக விலையைக் குறைக்க முடியுமா?”

“சுவர்ல இருக்கிற ஈரத்துல ஒரு சொட்டு உங்க மனசுல இருக்கக் கூடாதா?”

“பொறுமையா இரு. விலை ஏறும்.”

“ஊர்ல விலையெல்லாம் இறங்குது. என்னாலதான் படி இறங்க முடியல.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து போனாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அறுபது அறுபதுதான். சபதம் என்றால் சபதம்.

ஒரு வாரம் அவள் வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, தம்பி வீடு வாங்கணும்னு இருக்கான். உங்ககிட்ட யோசனை கேக்கச் சொன்னான்.”

நகவெட்டியைக் கீழே வைத்தேன். என் மைத்துனன் இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை.

“என்கிட்டயா?”

“விலை விஷயத்துல அத்தானை யாரும் ஏமாத்த முடியாதுன்னான்.”

“பையனுக்கு வயசாக ஆக அறிவு வருது. சொல்லு.”

அவள் தாளைப் பார்த்துப் படித்தாள். “கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“கிழம். கழிச்சுக்கோ.”

“மாடிக்குப் பதினேழு படி. ரொம்பச் செங்குத்து.”

“அது படியா, ஏணியா? கழி.”

“எதிர்ல இரும்புப் பட்டறை. காலையில ஏழு மணிக்குத் தட்ட ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறு வரைக்கும் ஓயாது.”

“உன் தம்பிக்குக் காது வேணுமா வேண்டாமா? கழி.”

“குளியலறைச் சுவர்ல ஈரம். வருஷா வருஷம் மேல ஏறிக்கிட்டே போகுது.”

“அந்த வீட்டுல ஏறுறது அது ஒண்ணுதான்.”

என் ஹாஸ்யத்துக்கு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சேர்ந்து சிரித்தோம்.

“வாசல் நிலை ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. கதவைத் தூக்கித்தான் சாத்தணும்.”

“இத்தனை வருஷமா அதைக்கூடச் சரி பண்ணாத சோம்பேறி எவன்?”

“வீட்டுக்காரர்தான். பெயிண்டும் அவரே அடிச்சிருக்கார்.”

“நினைச்சேன். அந்த மாதிரி ஆளுங்கதான் தானே அடிப்பாங்க.”

“நல்லதும் இருக்கு. மாடியில ஒரு சின்ன ரூம். காலை வெயில் அழகா விழும்.”

“வெயிலுக்கெல்லாம் விலை கிடையாது. அது ஊருக்கே விழுது. ஆளு என்ன கேக்கிறான்?”

“அறுபது.”

நான் எழுந்தே விட்டேன். “அறுபதா? நம்ம வீடே அறுபது. அது எப்படி அறுபதாகும்?”

“அதைத்தான் தம்பியும் கேக்கிறான்.”

“ஆளு எப்படி?”

“தங்கமான மனுஷன். வீட்டைப் பத்திப் பேசினா மட்டும் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது.”

“என் கடைக்கு அனுப்பு. ஒரு லென்ஸ் போட்டு விடறேன்.”

“நீங்க என்ன விலை போடுவீங்க?”

“நாப்பது. அதுவே தர்மம்.”

“அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. நான் வாயால சொன்னா நம்ப மாட்டான்.”

எழுதினேன். ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தவன் இரண்டு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு குறைக்கும் காரணத்தோடு கழித்தேன். கடைசி வரியாக, ‘மேற்படி வீட்டுக்கு நாற்பதுக்கு மேல் கொடுப்பவன் பைத்தியக்காரன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, கீழே கோடும் இழுத்தேன்.

மறு ஞாயிறு பால் வண்டிக்காரன் மறுபடியும் வந்தான். அவளும் கூட வந்திருந்தாள். வயிறு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. ஹாலில் உட்கார்ந்தார்கள். “அண்ணே, எல்லா இடமும் பார்த்துட்டோம். இவளுக்கு அந்த ரூம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குதாம். அதே நாப்பத்தாறுதான். கொஞ்சம் மனசு வைங்க” என்றான்.

நான் ‘அறுபது’ என்பதற்கு ‘அ’ வரைக்கும் போய்விட்டேன்.

“ஏங்க, ஒரு நிமிஷம் உள்ள வாங்க” என்றாள் மனைவி.

சமையலறைக்குள் போனேன். அவள் என் இரண்டு பக்கத்தை என்னிடமே நீட்டினாள்.

“இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமா. தம்பி என்ன சொன்னான்?”

“இந்த வீட்டுக்கு நாப்பத்தாறு கொடுக்கலாமான்னு கேக்கிறான்.”

“படிக்கத் தெரியாதா அவனுக்கு? நாப்பதுக்கு மேல கொடுக்கிறவன் பைத்தியக்காரன்.”

“அந்தப் பைத்தியக்காரர் நம்ம ஹால்ல உக்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்கார்.”

புரியவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் படிக்கட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு போய் எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று கீழிருந்து எண்ணிக்கொண்டு ஏறினேன். பதினாலு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக எண்ணுகிறேன். பதினேழு. எதிர்ப் பட்டறையில் எவனோ ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

கீழே வந்து குளியலறைச் சுவரைப் பார்த்தேன். ஈரம் என் தோளுக்கு மேலே இருந்தது. போன வருஷம் இடுப்பளவுதான். தூரப்பார்வை உள்ளவனுக்குக் கிட்ட இருக்கிறது மங்கலாகத்தான் தெரியும் என்று கடையில் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் நான்.

“பேர், முகவரி எடுத்துட்டு வியாதியை மட்டும் எழுதிக் கொடுத்தியா?”

“அப்பதானே டாக்டர் சரியா சொல்வார்.”

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அந்தச் சோம்பேறி மேல் கோபப்படலாம் என்றால் அவனும் நான்தான். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நம்ம வீடு மோசம்னு நான் சொல்லல. எனக்கும் இதை விட்டுப் போக ஆசையா என்ன?”

“அப்புறம்?”

“அவங்க நாப்பத்தாறு தர்றாங்க. நீங்க மேல பதினாலு கேக்குறீங்க. அந்தப் பதினாலு நாம இங்க வாழ்ந்த வருஷம்ங்க. அதை நாம அனுபவிச்சு முடிச்சுட்டோம். அதுக்குப் போய் அந்தப் பிள்ளைங்ககிட்ட விலை கேக்கலாமா?”

இந்த முறை ஒன்றும் சொல்லாமல் இருந்தது நான். அது சம்மதம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஹாலுக்குப் போனேன். “நாப்பத்தாறு. எடுத்துக்குங்க” என்றேன். பால் வண்டிக்காரன் டீயைக் கீழே வைக்க மறந்து எழுந்து நின்றான். அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லிடறேன். குளியலறைச் சுவர்ல ஈரம் இருக்கு” என்றேன். “பார்த்தோம்ணே. அன்னைக்கே தெரிஞ்சுது” என்றான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் சரியாக இல்லை. சுவர் சுவராகத் தொட்டுக்கொண்டு நடந்தேன். வாசல் நிலையை ஆசாரியை வைத்துச் சரி செய்து கொடுத்தேன். இப்போது கதவு சும்மாத் தள்ளினாலே சாத்திக்கொண்டது. அது இன்னும் வருத்தமாக இருந்தது. “அப்பா ஏன்மா விக்ஸ் தடவின மாதிரி கண்ணை வெச்சுக்கிட்டுத் திரியறார்?” என்று மகள் கேட்டாள். “சும்மா இருடி” என்றாள் மனைவி. அந்த வாரம் முழுக்க என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே பிரியமாக இருந்தாள்.

“ஓவிய வாத்தியார் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போகணும். நீங்கதான் விலை பேசணும்” என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. விற்றதில் விட்டதை வாங்குவதில் பிடிக்க வேண்டாமா? போனேன். வாத்தியார் வேட்டியும் பனியனுமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த புருவம், அமைதியான முகம். நான் சுவரைத் தட்டினேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினேன். ஜன்னலுக்கு ஜன்னல் உதட்டைப் பிதுக்கினேன்.

“அம்பது அதிகம் ஐயா. சமையலறை இருட்டு.”

“லைட் போட்டா வெளிச்சம் தம்பி.”

“தோட்டம்னு சொன்னீங்க. ரெண்டு செடிதான் இருக்கு.”

“ரெண்டும் பூக்குதே.”

“நாப்பது.”

“ஐயையோ. நாப்பத்தெட்டு.”

அரைமணி நேரம் பேசினேன். அவர் பெருமூச்சு விட்டார். தலையில் கை வைத்தார். ஒருதரம் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நாற்பத்துமூன்றில் வாத்தியார் இரண்டு கையையும் விரித்தார். “உங்ககிட்ட ஜெயிக்க முடியாது தம்பி. அப்படியே ஆகட்டும்.”

அம்பதிலிருந்து நாற்பத்துமூன்று. ஒரே மூச்சில் ஏழு. பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு நிமிர்ந்து முன் சீட்டில் இடித்தது.

“எப்படி?”

“நீங்க இல்லேன்னா முடியுமா?” என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

பத்து நாள் கழித்துப் பத்திரம் எழுதுகிற அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் தாள்களை நீட்டினார். நான் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி விடாமல் படிப்பவன். விலை எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது.

“சார், தப்பா அடிச்சிருக்கீங்க. நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. நாப்பத்துமூணு.”

எழுத்தர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் என் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையில் ஏதோ நூல் பிரிந்திருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பில்லை தம்பி,” என்றார் வாத்தியார் மிகவும் இதமாக. “நாப்பத்தொண்ணு, வீட்டம்மா நாலு மாசம் முன்னாடியே என்கிட்ட பேசி முடிச்சது. அன்னைக்கு நீங்க பேசினது உங்க மனசு ஆறட்டும்னு.”